ஒன்பதாம் நம்பர் ரூமின் செம்புத் தகடு

அத்தியாயம் 5

“நான்தான் அறுத்தேன்” என்றான் ஊர்க்காவலன்.

சாத்தூர் கிளைச் சிறையில், இரும்பு வலைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான். முப்பது வயது இருக்கும். வழி கேட்டவருக்குப் பதில் சொல்வது போலத்தான் அதைச் சொன்னான். கண் எதிரே இருந்த சுவரிலேயே இருந்தது.

வலைக்கு இந்தப் பக்கம் ஷைலா. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காகத் தீ விபத்துகளை ஆராய்ந்துகொண்டிருந்தவள், வேலையை விட்டுவிட்டு விருதுநகரில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவர் சங்கரபாண்டியன். ஹெட் கான்ஸ்டபிளாக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். அவளைவிட வயதில் மூத்தவர், சம்பளத்தில் இளையவர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வார்.

“எதால அறுத்தீங்க?”

“கட்டிங் பிளேயரால.”

“வாசல்ல இருந்த செம்புத் தகட்டிலிருந்து எர்த் கம்பி எந்தப் பக்கமாப் போச்சு?”

ஊர்க்காவலன் யோசித்தான். “மேல.”

“மேலன்னா?”

“கூரைப் பக்கமா.”

“எவ்வளவு கம்பி எடுத்தீங்க?”

“போலீசுல எழுதியிருக்கிற அம்புட்டும்.”

“உங்க மனைவி வேலை பார்க்கிற ரூம்னு தெரியுமில்ல?”

காவலர் வந்து தோளைத் தொட்டதும் திரும்பி நடந்து போனான்.

வெம்பக்கோட்டைப் பக்கம் இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனியில் போன மாதம் ஒன்பதாம் நம்பர் ரூம் வெடித்தது. உள்ளே பட்டாசுக்கு வெடிமருந்து செலுத்திக்கொண்டிருந்த நான்கு பெண்களும் இறந்துபோனார்கள். அதில் ஒருத்தி வள்ளித்தாய், ஊர்க்காவலனின் மனைவி. வேலைக்கு உள்ளே போகுமுன் வாசலில் உள்ள செம்புத் தகட்டைத் தொட வேண்டும். தொட்டால், உடம்பில் ஏறியிருக்கிற மின்சாரம் தகட்டோடு இணைந்த எர்த் கம்பி வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். கம்பி இல்லையென்றால் அது ஆளோடு சேர்ந்து உள்ளே போகும். காய்ந்த காற்று அடிக்கிற ஆனி மாதத்தில் ஒரு பொறி போதும்.

விபத்துக்குப் பின் பார்த்தபோது ஒன்பதாம் ரூமின் தகட்டில் கம்பி இல்லை. யாரோ திருடிவிட்டார்கள் என்று முடிவாயிற்று. ஊர்க்காவலன் வீட்டில் செம்புக் கம்பி கிடைத்தது. கேட்டார்கள், ஒத்துக்கொண்டான்.

வெளியே வந்ததும் சங்கரபாண்டியன் வாயைத் திறந்தார். “பூமிக்குள்ள போற கம்பிய இவன் வானத்துல அறுத்திருக்கான் மேடம். விட்டா இடி விழுந்ததுக்கும் ஒத்துக்கிடுவான் போல.”

“வீட்டுல எடுத்த கம்பியப் பாத்தீங்களாண்ணே?”

“பழைய சிநேகிதன் ஒருத்தன் ஸ்டேஷன்ல இருக்கான், காட்டுனான். நூல் கணக்கா இருக்கு. வார்னிஷ் அடிச்ச கம்பி. இவன் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் சுத்துறவன், வீட்டுல அது இல்லாம அல்வாவா இருக்கும்? எர்த் கம்பி என் சுண்டுவிரல் தண்டிக்கு இருக்கும்.”

“அப்போ இவர் அறுக்கல.”

“அறுக்கல. வேற எவன் அறுத்தான்?”

“முதல்ல கம்பி எங்க போச்சுன்னு பார்ப்போம்” என்றாள் ஷைலா.

எதிரே டீக்கடை நிழலில் ஓவியா காத்திருந்தாள். வள்ளித்தாயின் தங்கை. அதே கம்பெனியில் ஆறாம் நம்பர் ரூமில் வேலை. ஷைலாவைத் தேடி வந்தவள் அவள்தான். ‘எங்க அத்தான் அறுத்திருந்தாலும் எனக்குத் தெரியணும், அறுக்கலைன்னாலும் தெரியணும்’ என்று மட்டும்தான் அன்று கேட்டிருந்தாள்.

“உங்க அத்தான் அறுக்கல” என்றாள் ஷைலா.

ஓவியா தலையை ஆட்டினாள். முகத்தில் எதுவும் மாறவில்லை. கையில் இருந்த டீ ஆறி ஏடு கட்டியிருந்தது.

“அப்புறம் ஏன் ஒத்துக்கிட்டார்?” என்று ஷைலாவே கேட்டாள்.

“அவருதாங்க்கா அக்காவப் போகச் சொன்னாரு. தகடு வச்சாத்தான் வேலைக்கு வருவேன்னு அக்கா வீட்டுல உக்காந்துட்டா. வச்ச அன்னைக்கு, ‘அதான் வச்சிட்டாகல்ல, இனி என்ன பயம், போ’ன்னு அத்தான்தான் சைக்கிள்ல கொண்டாந்து விட்டாரு. அதுக்கப்புறம் அவ ஒரு நாள் லீவு போடல.”

“இருங்க. தகடு வச்சாத்தான் வருவேன்னாங்களா? எல்லா ரூமுக்கும் ஒரே சமயத்துல வைக்கலையா?”

“இல்லக்கா. சீட்டுக் குலுக்குனாக.”

சங்கரபாண்டியன் வடையைப் பாதியில் நிறுத்தினார். “சீட்டா?”

“ஆராய்ச்சி ஆபீசுல இருந்து டாக்டரு வந்தாரு. அரசாங்கப் பணத்துல எங்க பாதுகாப்புக்காக ஆராய்ச்சி பண்றாகன்னு சொன்னாரு. எங்களையெல்லாம் நிக்க வச்சு, ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள்ள ரூம் நம்பரச் சீட்டுல எழுதிப் போட்டு எடுத்தாரு. பாதி ரூமுக்கு விழுந்துச்சு. எங்க ஆறாம் நம்பருக்கு விழுந்துச்சு. அக்கா ரூமுக்கு விழல.”

“விழாத ரூமுக்கு?”

“அவுகள்லாம் சண்டைக்கு நின்னாக. அக்காதான் முன்னால நின்னா. எங்க உசுரு மட்டும் என்ன இளப்பமான்னு கேட்டா. கொஞ்ச நாள்ல அவுகளுக்கும் தகடு வச்சுட்டாக.”

ஷைலா எழுந்தாள்.

“மேடம், சீட்டுல என்ன இருக்கு?” என்றார் சங்கரபாண்டியன் வண்டியைக் கிளப்பிக்கொண்டே. “முதல்ல யாருக்கு வைக்கிறதுன்னு போட்டிருப்பாரு.”

“தகடு அடிக்க எவ்வளவு நேரமாகும்ணே?”

“ரூமுக்கு ஒரு மணி நேரம்.”

“எல்லாருக்கும் வைக்கிறதுன்னா ரெண்டு நாள்ல முடிஞ்சிருக்கும். ரெண்டு நாள் வேலைக்கு முதல் ஆளு யாரு, கடைசி ஆளு யாருன்னு சீட்டுப் போட்டா பார்ப்பாங்க?”

பின் சீட்டில் ஓவியா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, கரிசல் காடு ஓடுவதைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

*

கம்பெனி வாசலில் காவலாளி செல்போன், தீப்பெட்டி, பீடி எல்லாவற்றையும் வாங்கி ஒரு மரப்பெட்டிக்குள் போட்டான்.

“இருபது வருஷமா என் வீட்டுக்காரி பிடுங்கப் பாத்த பீடிக்கட்ட இவன் ஒரே நிமிசத்துல பிடுங்கிட்டான் மேடம்” என்றார் சங்கரபாண்டியன்.

போர்மேன் முனியராஜ் அவசரமாக வந்தார். “வாங்க மேடம். சீசன் நேரம், லோடு ஏத்தணும். சீக்கிரமாப் பாத்துக்கோங்க.”

ஒன்பதாம் ரூம் இருந்த இடத்தைத் தகரம் வைத்து மறைத்திருந்தார்கள். மற்ற ரூம்களில் வேலை நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வாசலிலும் மார்பு உயரத்தில் ஒரு செம்புத் தகடு. அதன் கீழே சுவரோடு ஒட்டி ஒரு பிளாஸ்டிக் குழாய் மண்ணுக்குள் இறங்கியது. கம்பி அந்தக் குழாய்க்குள்தான் போக வேண்டும். பத்தாம் ரூமுக்குள் போன ஒரு பெண் நின்று, உள்ளங்கையைத் தகட்டில் நன்றாக அழுத்திவிட்டு, அப்புறம்தான் படி ஏறினாள்.

“ஒன்பதுல கம்பி திருட்டுப் போனதுக்கப்புறம் மத்த ரூம்ல கழட்டிப் பாத்தீங்களா?” என்று கேட்டாள் ஷைலா.

“தகட்டத் தொடலாம், கழட்டப்படாதுன்னு ஆராய்ச்சி ஆபீஸ் உத்தரவு மேடம். அவுக ஆளு ஒருத்தரு அன்பரசன்னு இருக்காரு. அவருதான் வந்து எல்லாம் பாப்பாரு. எர்த் குழிக்குத் தண்ணி ஊத்துறதும் அவருதான். டிவிஎஸ் வண்டியில கேனக் கட்டிக்கிட்டு வருவாரு.”

“தண்ணி எதுக்கு?” என்றார் சங்கரபாண்டியன்.

“மண்ணு ஈரமா இருந்தாத்தான் கம்பி கரண்ட்ட இழுக்கும்” என்றார் போர்மேன்.

ஷைலா ஆறாம் ரூமின் பக்கவாட்டுக்குப் போனாள். குழாய் மண்ணில் இறங்கும் இடத்தில், ஒரு தாம்பாளம் அகலத்துக்கு அருகம்புல் பச்சைப்பசேலென்று முளைத்திருந்தது. சுற்றிலும் நாலா பக்கமும் மண் வெளுத்து, வெடித்துக் கிடந்தது.

அங்கிருந்து நடந்து பத்தாம் ரூமுக்கு வந்தாள். அதே குழாய், அதே உயரம். குழாயடியில் ஒரு புல் கூட இல்லை.

“ஓவியா, பதினொண்ணுக்குச் சீட்டு விழுந்துச்சா?”

“விழுந்துச்சுக்கா.”

பதினொன்றில் புல் இருந்தது.

“பன்னிரண்டு?”

“விழல.”

பன்னிரண்டில் மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது.

“அன்பரசன் நல்ல தோட்டக்காரரு மேடம்” என்றார் சங்கரபாண்டியன். “யாருக்குத் தண்ணி ஊத்தணும், யாருக்கு ஊத்தப்படாதுன்னு தெரிஞ்சு ஊத்துறாரு.” சொல்லிவிட்டு அவரே சிரிக்கவில்லை.

“முனியராஜ், பத்தாம் ரூம் குழாயடியத் தோண்டணும்.”

“ஐயோ மேடம், ஆபீசுக்குத் தெரிஞ்சா…”

“தோண்டணும்.”

போர்மேன் கடப்பாரைக்குச் சம்மதிக்கவில்லை. மருந்து ரூம் பக்கத்தில் இரும்பு கூடாது. ஒரு மரத் துடுப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். சங்கரபாண்டியன் உட்கார்ந்து தோண்டினார். ஒரு சாண் ஆழம் போவதற்குள் குழாய் முடிந்துவிட்டது. அதற்குக் கீழே, எர்த் குழியில் ஈரம் காக்கப் போடுகிற கரி இல்லை, உப்பு இல்லை, கம்பி இல்லை. வெறும் கரிசல் மண்.

குழாயின் நுனியில் ஒரு மூடி இருந்தது. பசை தடவி, பிசிறில்லாமல், நேர்த்தியாக ஒட்டியிருந்தார்கள்.

ஷைலா அதைக் கையில் பிடித்துப் பார்த்தாள். “கம்பியத் திருடுறவன் இப்படி மூடி போட்டு ஒட்டிட்டுப் போவானாண்ணே?”

சங்கரபாண்டியன் துடுப்பை மண்ணில் ஊன்றி எழுந்தார்.

யாரும் கம்பியைத் திருடவில்லை. கம்பி இருந்ததே இல்லை.

“தினம் தொட்டுட்டுத்தானே மேடம் போறாக” என்றார் முனியராஜ். குரல் கீழே போயிருந்தது. “நானே வாசல்ல நின்னு, தொட்டியா தொட்டியான்னு கேட்டுத்தானே உள்ள விடுதேன்.”

“சீட்டு விழாத ரூம் எல்லாத்தையும் இப்பவே காலி பண்ணுங்க.”

“லோடு நிக்கிது மேடம். ஓனர்ட்ட ஒரு வார்த்தை…”

அவர் முடிப்பதற்குள் ஓவியா பத்தாம் ரூம் வாசலில் போய் நின்றிருந்தாள். அவள் கத்தவில்லை. “எல்லாரும் கையில இருக்கிறத அப்படியே வச்சிட்டு மெதுவா எந்திரிச்சு வாங்க” என்றாள். “சேலைய உதறாதீக. வேகமா நடக்காதீக. வாங்க.”

உள்ளே இருந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள். ஒன்றும் கேட்காமல் ஒருத்தர் பின் ஒருத்தராக எழுந்து வந்தார்கள். முடிவில் வந்த சோலையம்மாள் என்ற பெண், படி இறங்குமுன் பழக்கத்தில் தகட்டின் மேல் கையை வைத்து அழுத்திவிட்டு இறங்கினாள்.

ஷைலாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. குழாயிலிருந்து மூடியைத் திருகிப் பெயர்த்து எடுத்துக்கொண்டாள்.

பன்னிரண்டாம் ரூமைக் காலி செய்ய முனியராஜ் தானே ஓடினார். ஓனரைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

*

விருதுநகரில் ஒரு வாடகை மாடியில் இருந்தது அந்த அலுவலகம். வாசலில் ‘தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வுத் திட்டம், மத்திய அரசு நிதியுதவி’ என்று பலகை. படிக்கட்டில் கைப்பிடி இல்லை. சங்கரபாண்டியன் சுவரைப் பிடித்துக்கொண்டே ஏறினார். வேறு ஒரு நாளாக இருந்தால் அதைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பார்.

டாக்டர் லட்சுமிகாந்தம் சென்னைக்காரர். ஐம்பது வயது, மெலிந்த உடம்பு, மரியாதையான பேச்சு. எழுந்து நின்று நாற்காலி காட்டினார்.

ஷைலா குழாயின் மூடியை மேசைமேல் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார். என்னவென்று கேட்கவில்லை.

“எதுக்கு சார் சீட்டுக் குலுக்குனீங்க?”

“எல்லா ஆய்வுக்கும் ரெண்டு பகுதி வேணும் மேடம். பாதுகாப்பு கொடுத்த அறைகள், கொடுக்காத அறைகள். ஒப்பிட்டுப் பார்த்தாத்தான் தகடு உண்மையிலேயே வேலை செய்யுதான்னு சொல்ல முடியும். சொன்னாத்தான் அரசாங்கம் எல்லாக் கம்பெனிக்கும் உத்தரவு போடும். நாங்களா பொறுக்கி எடுத்தா அது பாரபட்சம். அதனால சீட்டு.”

“சீட்டு விழாத ரூமுக்கு?”

“ஒண்ணும் கிடையாதுன்னுதான் திட்டம். முன்னாடியும் அவங்களுக்கு ஒண்ணும் இல்லையே. மேலிடத்துல ஒப்புதல் வாங்கினது அதுக்குத்தான்.”

“ஆனா தகடு இருக்கே சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அந்த அறைப் பெண்கள் வந்து நின்னாங்க. எங்களுக்கும் வேணும், இல்லைன்னா வேலைக்கு வர மாட்டோம்னாங்க. பாதிப் பேர் வராமப் போனா மூணு வருஷ ஆய்வு அங்கேயே முடிஞ்சுடும்.”

“அதனால?”

“தகடு கொடுத்தோம்.”

“கம்பி?”

“கம்பியும் கொடுத்தா ஒப்பீடு போயிடும்.”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சங்கரபாண்டியன் கதவருகே தரையைப் பார்த்து நின்றார்.

“முன்னாடி பயந்துகிட்டு வீட்டுல இருந்தவங்க சார் அவங்க” என்றாள் ஷைலா. “நீங்க தகடு கொடுத்தப்புறம்தான் தைரியமா உள்ள போனாங்க.”

“அது நான் எதிர்பார்க்காத விளைவு.”

“ஒருத்தர் ஜெயில்ல இருக்கார்.”

“விபத்துக்கப்புறம் போலீசுக்கு நாங்க கொடுத்த புகார்ல கம்பி இல்லைன்னுதான் எழுதியிருந்தோம். திருட்டுங்கிற வார்த்தையை நாங்க எழுதல.”

“இருந்ததே இல்லைன்னும் எழுதல.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “தகடு வேலை செய்யுதுன்னு இப்போ தெளிவாயிடுச்சு மேடம். இந்த முடிவு வெளியே வந்தா எத்தனையோ பேர் பிழைப்பாங்க” என்றார். பொய்யாகச் சொல்லவில்லை. அவர் அதை நம்பினார். அதுதான் ஷைலாவுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

“நான் வரச் சொன்ன இன்ஸ்பெக்டர் கீழே நிக்கிறாரு” என்றார் சங்கரபாண்டியன். “இப்போ சொன்னத அவர்ட்டயும் ஒருவாட்டி சொல்லிருங்க சார்.”

*

அதன் பிறகு நடந்தவை மெதுவாகவே நடந்தன. அன்பரசன் முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பசை தடவியது அவர்தான். எதற்கு என்று கேட்டதற்கு, பூச்சி ஏறாமல் இருக்க என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னார். ஆய்வு நிறுத்தப்பட்டது. டாக்டர் லட்சுமிகாந்தத்தின் மேல் வழக்குப் பதிவாகி, அவர் ஜாமீனில் சென்னைக்குப் போனார். கம்பெனியை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. எல்லா ரூமுக்கும் கம்பி இறங்கி, அதிகாரிகள் வந்து மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் திறந்தார்கள். சோலையம்மாள் திரும்பவும் வேலைக்கு வந்தாள். வேறு வேலை அங்கே இல்லை.

ஊர்க்காவலனை விடுவித்த அன்று வெயில் கொளுத்தியது. சிறை வாசலில் ஓவியா, ஷைலா, சங்கரபாண்டியன் மூவரும் நின்றார்கள். ஓவியா அவனிடம் ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டான், குடிக்கவில்லை.

“நீங்க அறுக்கலைன்னு உங்களுக்கே தெரியும்” என்றாள் ஷைலா. “ஏன் ஒத்துக்கிட்டீங்கன்னும் எனக்குத் தெரியும். நீங்க போகச் சொன்னது தப்பில்ல. வாசல்ல தகடு இருந்துச்சு. அது பொய்த் தகடுன்னு உங்களுக்குத் தெரிய வழியில்ல.”

ஊர்க்காவலன் கேட்டுக்கொண்டான். அவன் முகத்தில் எந்த அசைவும் இல்லை. சொன்னது உள்ளே போனதா என்றே தெரியவில்லை.

“அந்த டாக்டருக்கு எந்தெந்த ரூமுல கம்பி இல்லைன்னு தெரியுமா?”

“தெரியும்.”

“ஒன்பதுல யாரு யாரு இருந்தாகன்னு?”

“தெரியல. அவர் ஆபீசுல இருந்து கிளம்புறப்போ நான்தான் நாலு பேர் பேரையும் சொன்னேன்.”

“வள்ளித்தாய்னு சொன்னீகளா?”

“சொன்னேன்.”

“என்ன சொன்னாரு?”

ஷைலா சங்கரபாண்டியனைப் பார்த்தாள். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு ஏதாவது சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தாள்.

“எழுதிக்கிட்டாரு” என்றாள்.

ஊர்க்காவலன் தலையை ஆட்டினான். பாட்டிலைத் திறந்து, நின்றபடியே முழுவதையும் குடித்தான். பிறகு வெம்பக்கோட்டைக்கு எந்தப் பக்கம் பஸ் நிற்கும் என்று கேட்டான். சாத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவன் அவன். சங்கரபாண்டியன் அவன் கையைப் பிடித்து, சாலையைக் கடத்திக் கூட்டிப் போனார்.